என்னிடம் இருந்த பாதிக் கடவுச்சொல்

நாலு பேரிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஆளிடம் நானாகச் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். இரண்டாவது ஆளிடம் சொல்லப் பத்தொன்பது நாள் ஆயிற்று. மூன்றாவது ஆளிடம் சொல்ல இரண்டு மாதம். நான்காவது ஆள் வளைகுடாவில் செவிலியர் வேலை பார்க்கும் பெண். அவள் விடுப்பில் ஊருக்கு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் எனக்கு நல்ல சாக்காக இருந்தது.

எங்கள் ஆலயம் குலசேகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. ஒரே வளாகத்தில் ஆலயம், மேல்நிலைப்பள்ளி, சபை மண்டபம். கருங்கல் சுவர் ஒன்றரை முழ அகலம். உள்ளே எந்த போனிலும் சிக்னல் கிடையாது. வாசல் கேட்டருகே பலாமரத்துக்கும் அறிவிப்புப் பலகைக்கும் நடுவில் நின்றால் இரண்டு கோடு வரும். மூன்றாவது கோட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

பள்ளியில் படித்துவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து மூன்று வருடத்துக்கு முன் வளாகம் முழுக்கப் புதிய நெட்வொர்க் போட்டுக் கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அதன் பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்த இன்ஜினீயர் இரண்டு மணி நேரம் விளக்கினார். வளாகத்தில் பதினொரு சுவிட்சுகள். விளக்குச் சுவிட்சு இல்லை, கம்பிகள் வந்து சேரும் தட்டையான பெட்டிகள். பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் பள்ளி அலுவலக அலமாரியில் கண்ட்ரோலர் என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். எந்தக் கருவி எங்கே இருக்கிறது, அது யாருடையது, யார் யாரோடு பேசலாம் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். அது தீர்மானிக்கும், சுவிட்சுகள் சுமக்கும். தீர்மானிப்பதை கண்ட்ரோல் பிளேன் என்றார், சுமப்பதை டேட்டா பிளேன் என்றார்.

நான் குறுக்கே புகுந்து, இது எனக்குத் தெரிந்ததுதான் என்றேன். எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்த காலத்திலேயே பேச்சு ஒரு வழியில் போகும், யார் யாரைக் கூப்பிடுகிறார் என்கிற தகவல் வேறொரு வழியில் போகும். நடுவில் கட்டுப்படுத்தும் இயந்திரம் படுத்துவிட்டாலும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். "சார் சொல்றது ரொம்பச் சரி" என்றார் இன்ஜினீயர். "இதுவும் அப்படித்தான். கண்ட்ரோலர் தூங்கினாலும் சுவிட்சு கடைசியா கேட்டதைச் செஞ்சுகிட்டே இருக்கும்." அதை என் நோட்டில் பதினான்காம் பக்கத்தில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. கையெழுத்தும் என்னுடையதுதான்.

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவியும் ஐந்து குழுக்களில் ஒன்றில் விழும். ஆசிரியர், அலுவலகம், மாணவர், கேமரா, விருந்தினர். ஆலயத்துக்குள் வைஃபையில் சேருகிற எல்லோரும் விருந்தினர். படமோ குரலோ எல்லாம் சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைந்துதான் போகும், ஒவ்வொரு துணுக்கிலும் குழுவின் அடையாளம் ஒட்டியிருக்கும். போய்ச் சேரும் இடத்திலுள்ள சுவிட்சு அதைப் பார்த்து, அனுமதி இருந்தால் உள்ளே விடும், இல்லையென்றால் அங்கேயே கீழே போட்டுவிட்டு எத்தனை போட்டோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளும். அந்த எண்ணிக்கைப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கண்ட்ரோலரின் கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்து. எங்கள் காணிக்கைப் பெட்டிக்கு எப்போதும் இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. அதே வழக்கப்படி இதையும் பங்கு வைத்தார்கள். முதல் ஆறு எழுத்து என்னிடம், பின் ஆறு எழுத்து சபைச் செயலாளரிடம். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், என்னைவிட இரண்டு வயது இளையவர். நாற்பது வருடமாக நாங்கள் எதிரெதிர் பக்கம் உட்கார்ந்து வாதாடுகிறவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து, பிரசங்க நேரத்தில் எத்தனை பேர் போன் பார்க்கிறார்கள் என்று எண்ணினேன். நாற்பத்தேழு பேர். அதில் மூன்று பேர் கிரிக்கெட். அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லி, ஆராதனை நேரத்தில் விருந்தினர் குழுவுக்கு வீடியோவும் குரலும் போகாதபடி விதி போட வேண்டும் என்றேன். வேதவசனம் படிக்கலாம், செய்தி அனுப்பலாம், மற்றது கூடாது.

"ஓய், பிரசங்கம் நல்லா இருந்தா எவன் போனைப் பாப்பான்?" என்றார் செயலாளர். "அதப் போதகரிட்டச் சொல்லும். கம்பியில ஏன் கோவத்தக் காட்டுகீரு?"

போதகரே சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாயிற்று.

"நாப்பத்தேழு பேரு ஓய். நான் எண்ணினேன்."

"அப்போ நீரும் பிரசங்கம் கேக்கலை. நாப்பத்தெட்டு."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆனாலும் விதி நிறைவேறியது. ஒன்பது கை ஆதரவு, நாலு கை எதிர்ப்பு. வெளியே வரும்போது செயலாளர் குடையை விரித்தபடி, "ஒரு நாள் நம்ம ஆளுக்கே இது கதவடைக்கும், பாத்துக்கிடும்" என்றார்.  ஒன்பதுக்கு நாலு என்பதே போதுமான பதில் என்று நினைத்தேன்.

ஆராதனை நேரங்களைக் குறித்து வைக்கும் பக்கம் மட்டும் தனியாக என் கையில் இருந்தது. நேரத்தை எழுதிவிட்டால் அந்த நேரம் வந்ததும் விதி தானாக இறங்கும். ஆனால் தொடங்கியபின் நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் முழுக் கடவுச்சொல்லும் வேண்டும். யாராவது வந்து கெஞ்சினால் நான் இளகிவிடக் கூடாது என்று நானே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது.

போன ஐப்பசியில், நாலு வீடு தள்ளி இருந்த அம்மாள் இறந்துபோனார். எழுபத்தாறு வயது. மகன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன், மகள் வளைகுடாவில் செவிலியர். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாள் நேரே வாசல் கேட்டுக்குப் போய்ப் பலாமரத்தடியில் நிற்பார். மகள் கூப்பிடுவாள். இடது காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபது, இருபத்தைந்து நிமிடம் பேசுவார். ஆலய வாசலுக்கு எதிரே இருக்கும் என் வீட்டுப் படியிலிருந்து நான் பார்ப்பேன்.

இறந்த செய்தி மாலையில் வந்தது. மறுநாள் மூன்று மணிக்கு அடக்க ஆராதனை என்றார்கள். எந்த ஆராதனை என்றாலும் உடனே நேரப் பக்கத்தில் எழுதிவிடுவது என் வழக்கம். வருட முடிவில் எத்தனை ஆராதனை என்று கணக்குச் சொல்ல உதவும். அன்றும் மூன்று முதல் நாலரை வரை என்று எழுதினேன். எழுதியது மறந்தும் போயிற்று. மூச்சு விடுவதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

மறுநாள் காலை ஏழரைக்கு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"மாமா, எனக்கு லீவு கிடைக்கலை. டிக்கெட்டும் இல்லை. அண்ணன் சொன்னான், சர்ச்சுல நெட்டு உங்க பொறுப்புன்னு."

"சொல்லு மக்கா."

"பெட்டி மூடுறதுக்கு முந்தி வீடியோவுல அம்மையப் பாக்கணும். பாத்துட்டு, போனை அம்மைக்க காதுல கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும். இடது காது மாமா. வலது காது அம்மைக்குக் கேக்காது."

இறந்தவருக்கு எந்தக் காதானால் என்ன என்று எனக்குத் தோன்றவில்லை. இடது காது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். "நான் இருக்கேன், நீ வெப்ராளப்படாத, கவலைய விடு" என்றேன்.

ஒன்பது மணிக்கு ஆலயத்துக்குப் போய் என் போனிலேயே பேரனைக் கூப்பிட்டு, படமும் குரலும் ஐந்து நிமிடம் பார்த்தேன். ஒரு துளிப் பிசகில்லை. வீடியோ எடுக்கத் தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ அடக்கமோ அவர்தான் வருவார். பெரிய டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதையும் ஆலய வைஃபையில் சேர்த்து மதியம் ஒரு முறை பார்த்தோம். அதுவும் சரி.

மூன்று மணிக்கு ஆராதனை தொடங்கியது. மழை விடாமல் அடித்தது. மூன்று நாற்பதுக்குப் போதகர் கையைக் காட்டினார். வீடியோக்காரர் டேப்லெட்டைச் சவப்பெட்டிக்கு மேலே பிடித்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். மணி அடித்தது. அவள் எடுத்தாள். திரையில் ஒன்று, இரண்டு என்று நொடிகள் ஓட ஆரம்பித்தன. படம் வரவில்லை. சத்தம் வரவில்லை. கறுப்புத் திரையில் நொடி மட்டும் ஓடியது. பக்கத்திலேயே அவளிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது: அண்ணா, தெரியலை.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. இதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அழைப்பு போகிறது, எழுத்து போகிறது, படமும் குரலும் மட்டும் போகவில்லை. நான் இன்ஜினீயரிடம் எப்படிக் கேட்டேனோ அப்படியே, அளவெடுத்துத் தைத்ததுபோல. முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, இது என் விதி, நேற்று மாலை நான் எழுதிய நேரம்.

செயலாளர் எனக்கு நாலடி தள்ளி, பாடகர் வரிசையின் ஓரத்தில் நின்றார். நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அவர் அருகில் போய், "விதி இறங்கிவிட்டது, உம்முடைய ஆறு எழுத்தை வந்து தட்டும்" என்று சொல்வது. பள்ளி அலுவலகம் வரை எட்டு வைத்து எண்ணினால் நூற்று நாற்பது. போய்த் தட்டி நிறுத்த ஐந்து நிமிடம் போதும். தட்டுவதற்கு மட்டும் என்றால் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

அவர் என்னைப் பார்த்தார். "என்ன ஓய்?" என்று புருவத்தால் கேட்டார். நாற்பத்தெட்டு என்று அவர் சொன்னதும் கூட்டம் சிரித்ததும் என் காதில் கேட்டது. சபை முழுக்க நிறைந்திருந்தது. எண்ணவில்லை, இருநூறுக்குக் குறையாது.

"கண்ட்ரோலர் பெட்டியில ஏதோ கோளாறு, பாத்துட்டு வாறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன்.

மழையில் அந்த நூற்று நாற்பது எட்டும் நடந்தேன். அலுவலக அலமாரியைத் திறந்து கண்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டி செத்தால் விதியும் செத்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது, கோளாறு வந்தது சரி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். நோட்டின் பதினான்காம் பக்கம் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். முப்பத்து மூன்று வருடம் அதில்தான் சோறு தின்றேன். தெரியும். தெரிந்ததைவிட என் வெட்கம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. நொடிகள் ஆறாவது நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கண்ட்ரோலர் கண்ணை மூடிவிட்டது, ஆலயத்துச் சுவிட்சு கடைசியாகக் கேட்டதை உண்மையாகச் செய்துகொண்டிருந்தது. இப்போது அதை நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை.

வீடியோக்காரருக்கு என்னைவிட நிதானம் இருந்தது. "சார், ஸ்கூல் டீச்சர் லாகின் ஒண்ணு இருந்தாத் தாங்க. இதை விட்டுட்டு அதுல ஏறிப் பாக்கேன்" என்றார் மெதுவாக.

நல்ல யோசனை. ஆசிரியர் குழுவுக்கு எந்தத் தடையும் இல்லை. முன்வரிசையில் நின்ற ஆசிரியை ஒருவர் தன் லாகினைச் சொன்னார். வீடியோக்காரர் பழைய இணைப்பிலிருந்து இறங்கினார். அழைப்பு அறுந்தது. ஒன்பது நிமிடம் இருபது நொடி என்று காட்டி நின்றது. புதிய லாகினைத் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. புதிதாக வருகிறவர் யார் என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டிய பெட்டியின் பிளக் என் கைப்பட்டுத் தரையில் கிடந்தது.

மறுபடியும் ஓடினேன். பிளக்கைச் செருகினேன். அந்தப் பெட்டி விழித்து எழுந்து வேலைக்கு வர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அதுவும் எனக்கு முன்பே தெரியும்.

குழிவெட்டுகிற இருவரும் நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றார்கள். "போதகரே, முழங்கால் அளவுக்குத் தண்ணி ஏறியாச்சு. இனி இறைச்சாலும் நிக்காது" என்றார்கள். போதகர் என்னைப் பார்த்தார். இறந்தவரின் மகன் என் பக்கத்தில் வந்து, "மாமா, ஆகுமா ஆகாதா? அவ அங்க கெடந்து துடிக்கா" என்றான்.

சொல்ல அது கடைசிச் சந்தர்ப்பம். நான் சொன்னது இது: "லைன் நல்லாத்தான் இருக்கு. இவரு கொண்டுவந்த டேப்லெட்டுல ஏதோ பிசகு."

வீடியோக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மதியம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைச் சோதித்திருந்தோம். அவர் வாயைத் திறப்பதற்குள் மகன் கத்திவிட்டான். "கல்யாண வீட்டுல சோறு திங்கிறத எடுக்கத் தெரியும், இது தெரியாதா? ஒரு நல்ல சாதனம் கொண்டாந்தா என்ன உமக்கு? இனி இந்த வளாகத்துப் பக்கம் காலெடுத்து வைக்காதேயும்!"

"அண்ணே, மன்னிச்சுக்கிடுங்க" என்றார் அவர். செய்யாத தவறுக்கு, அடக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று. நான் பக்கத்தில் நின்றேன்.

சவப்பெட்டியை மூடினார்கள். நாலு திருகாணி. ஒவ்வொன்றாகத் திருகும் சத்தத்தையும் கேட்டேன்.

அன்று மாலையே அந்தப் பெண் கூப்பிட்டாள். போனைப் பார்த்துக்கொண்டே ஆறு முறை அடிக்கவிட்டு எடுத்தேன். "அண்ணன் சொன்னான் மாமா, நீங்க மழையில ரெண்டு தடவை ஓடினீங்கன்னு. ரொம்ப நன்றி மாமா. உங்க மேல ஒரு குறையும் இல்லை" என்றாள். "சரி மக்கா" என்றேன். 

மறுநாள் செயலாளரும் நானும் கண்ட்ரோலர் முன்னால் உட்கார்ந்தோம். பெட்டி திடீரென்று அணைந்ததால் முழுக் கடவுச்சொல் கேட்டது. முதல் ஆறை நான் தட்டினேன், பின் ஆறை அவர் தட்டினார். நடந்ததெல்லாம் வரிசையாகத் திரையில் வந்தது. விதி இறங்கிய நேரம், நேரத்தை எழுதியவன் என்ற இடத்தில் என் அடையாளம், மின்சாரம் போன நேரம். மற்ற பெட்டிகள் எதிலும் மின்சாரம் போகவில்லை என்பதும். பெட்டி தூங்கிய நேரத்தில் சுவிட்சுகள் எண்ணி வைத்திருந்ததையும் அது விழித்தபின் வாங்கிச் சேர்த்திருந்தது. தடுத்துக் கீழே போட்டவை, வெளியிலிருந்து வந்ததில் முப்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு, உள்ளிருந்து போனதில் நாற்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எனக்கு அவர் ஏதாவது குத்திச் சொன்னால் தேவலை போலிருந்தது. நாற்பது வருடத்தில் முதல் முறையாக அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை.

"நாலடி தள்ளித்தானே ஓய் நின்னேன்" என்றார்.

பிறகு விதியை எடுத்தோம். எடுக்க நாற்பது நொடி ஆயிற்று. எழுந்து போகும்போது, "நான் யாரிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீரு" என்றார்.

பத்தொன்பதாம் நாள் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போனேன். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். வீடியோக்காரரின் கடையில் அவர் ஏதோ கல்யாண ஆல்பம் அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி டீ வாங்கி வந்தார். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை வீடியோவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துச் சபையிலும் அப்படியே.

அவர் ஆல்பத்தின் ஓரத்தை நீவினார். "எனக்கு அப்பவே தெரியும் சார், டேப்லெட்டு இல்லேன்னு. எழுத்து போச்சுல்லா. ஆனா பெரியவங்க நீங்க, இவ்வளவு பேருக்கு முன்னால சும்மா சொல்ல மாட்டீங்கன்னு நானே சந்தேகப்பட்டு, வீட்டுல போய் அதப் பிரிச்சுப் பாத்தேன்" என்றார். சற்றுக் கழித்து, "டீ ஆறுது சார்" என்றார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, அவர் மேல் தவறில்லை, தவறு என்னுடையது என்று சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. நேரத்தை எழுதியதைச் சொன்னேன். பிளக்கைச் சொல்லவில்லை. செயலாளர் தரையைப் பார்த்தார். வீடியோக்காரருக்குத் திரும்ப வேலை கொடுத்தார்கள். அவர் வந்தார். எனக்கு வணக்கம் சொல்கிறார்.

மகனிடம் முழுதும் சொன்னேன், பிளக் உட்பட. விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. பால்வெட்டை முடித்துவிட்டுக் கையில் வாளியோடு வந்துகொண்டிருந்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். "அவ வரும்போ நீங்களே சொல்லுங்க மாமா. எனக்க வாயால அத அவளிட்டச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவனும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான், ஆனால் முகத்தைப் பார்த்து இல்லை.

அவள் வந்தது மூன்று வாரத்துக்கு முன். வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளே வாசலுக்கு வந்து, "வாங்க மாமா, நானே வரணும்னு இருந்தேன்" என்று நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். விதி போட்டது, நேரம் எழுதியது, முதல் நிமிடத்தில் தெரிந்தது, நாலடி, பிளக், டேப்லெட் என்று சொன்ன பொய், மாலையில் அவள் நன்றி சொன்னபோது வாயை மூடிக்கொண்டது. விட்டுப்போகாமலிருக்க விரல் மடக்கிச் சொன்னேன். ஏழு விரல் ஆயிற்று.

 நோயாளி சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "அந்த ஒம்பது நிமிஷம் என் பக்கம் கனெக்ட் ஆயிட்டுன்னு காட்டிச்சு மாமா. எனக்கு ஒண்ணும் தெரியலை, கேக்கலை. ஆனா உங்களுக்கு என் சத்தம் கேக்கும், காதுல வச்சிருப்பாங்கன்னு நெனச்சு நான் பேசிட்டே இருந்தேன். அது எங்க போச்சு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பதில் மட்டும் தெரிந்திருந்தது. எட்டு மாதமாக அந்த எண்ணை மனதில் வைத்திருந்தேன்.

"சர்ச்சு வரைக்கும் வந்துது மக்கா" என்றேன். "கடல் தாண்டி, ஸ்கூல் தாண்டி, பலிபீடத்துக்கு இடது பக்கம் சின்ன வாசலுக்கு மேல ஒரு பெட்டி இருக்கு, அது வரைக்கும் வந்துது. அங்கதான் என் விதி நின்னுது. முப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு துணுக்கு. எண்ணி வச்சிருக்கு."

"அங்கருந்து அம்மை கெடந்த இடம் எவ்வளவு?"

"எட்டு வச்சா பதினொண்ணு."

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

அவள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ஆலயத்துக்கு நடந்தோம். உள்ளே அந்தச் சின்ன வாசலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தாள். பெட்டியில் பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. அன்றும் இப்படித்தான் மின்னின. அவள் அங்கிருந்து சவப்பெட்டி வைத்திருந்த இடம் வரைக்கும் நடந்தாள். அவள் வைக்கும் எட்டு சிறியது, பதின்மூன்று ஆயிற்று. அங்கே நின்று உதடு அசைந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது எனக்குரியது இல்லை என்பது மட்டும் அப்போது சரியாகத் தெரிந்தது.

வெளியே வந்ததும் பலாமரத்தடியில் நின்றாள்.

"எனக்கு உங்க மேல கோவம் மாமா" என்றாள். குரல் உயரவில்லை. "தப்பா எழுதினதுக்கு இல்லை. ஆஸ்பத்திரியில நாங்களும் தப்பா எழுதியிருக்கோம். தப்புன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே கூவிச் சொல்லணும், அதான் எங்களுக்கு முதல்ல படிப்பிச்சது. நீங்க கூவலை."

"ஆமா."

"இன்னும் இருபத்தெட்டு நாள் லீவு இருக்கு. அதுக்குள்ள கோவம் போச்சுன்னா நானே வந்து சொல்லுவேன். நீங்க வந்து கேக்காதீங்க."

"சரி மக்கா."

சபைக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன், இம்முறை பிளக்கையும் சேர்த்து எழுதி. கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. என் ஆறு எழுத்தை அவர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "இனி பன்னிரண்டையும் ரெண்டு பேருக்கும் தெரியும்படி வைக்கலாம் ஓய். ஒருத்தருக்கு வாய் வராத நேரத்துல இன்னொருத்தர் தட்டிக்கிடட்டும்" என்றார். அவர் கிண்டல் செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கிண்டல் என்றே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்று இருபத்தொன்றாவது நாள். காலையில் அவள் பால் பாத்திரத்தோடு என் வீட்டைத் தாண்டிப் போனாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தாள், ஒரு முறை தலையசைத்தாள், போனாள். நான் எழுந்து என் வீட்டுக் கேட்டுவரைகூடப் போகவில்லை. கேட்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் ஏழு நாள் இருக்கிறது.